மயிலாடிக் கொலையும் நான் எடுக்காத அழைப்பும்

உறுதியாகத் தெரியாத ஒன்றை அச்சில் போட முடியாது. ஆனால் அதையே கேள்வியாகத் திருப்பிப் போட்டுவிட முடியும். இந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாகர்கோவிலில் மாவட்ட நிருபராக இருந்த காலத்தில் நானாகவே கண்டுபிடித்தேன். அதில் கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கினேன். ஓய்வு பெற்ற அன்று நடந்த பாராட்டு விழாவில்கூட ஒரு தம்பி, “அண்ணாச்சியோட கேள்விக்குறிக்குப் பதில் சொல்ல போலீஸே திணறும்” என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நீங்கள் இப்போதுதான் இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கிறீர்கள். அன்று நான் ஏன் தலை குனிந்தேன் என்று உங்களிடம் சொல்லிவிட வேண்டும். இதை நான் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

மயிலாடியில் சிவதாணு என்று ஒரு சிற்பி இருந்தார். கல் பட்டறை வைத்திருந்தார். சாமி சிலைகளோடு பள்ளிக்கூடம், சர்ச், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் பெயர்க் கல்வெட்டும் செய்துகொடுப்பார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மனைவி பகவதி. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பட்டறையைப் பூட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை. மறுநாள் விடிந்ததும், பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கால்வாய்க் கரையில் கிடந்தார். தினமும் சாயங்காலம் அவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாக ஊரில் சிலர் சொன்னார்கள். பின்தலையில் அடி. பர்ஸ், போன், கழுத்துச் சங்கிலி எல்லாம் அப்படியே இருந்தன.

கொலையாளியைப் பிடித்தால்தான் உடலை வாங்குவோம் என்று உறவினர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் மாவட்டம் முழுக்க இதுதான் பேச்சு. எல்லாப் பத்திரிகைக்காரர்களும் ஒரே செய்தியைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமை காலையில், தனிப்படையில் இருந்த ஒரு போலீஸ்காரர் இரண்டு பக்கத்தைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பினார். சிவதாணுவின் போன் அழைப்புப் பட்டியல்.

அந்தப் பட்டியலில் ஒரு நம்பர் திரும்பத் திரும்ப வந்தது. ஞாயிறு தவிர தினமும், ஆறரையிலிருந்து ஏழரைக்குள், பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். கொலை நடந்த திங்கட்கிழமை மாலை ஆறு ஐம்பதுக்கு அதே நம்பர். பத்தொன்பது நிமிடம். அதற்குப் பிறகு அவர் யாருடனும் பேசவில்லை. மனைவி இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார், எடுக்கவில்லை. அந்தப் பேச்சு முடிந்த கொஞ்ச நேரத்துக்குள் அவர் இறந்திருக்க வேண்டும் என்று போலீசில் சொன்னார்கள்.

பணம் அனுப்புகிற செயலியில் அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தேன். விஜிலா என்று பெயர் வந்தது. பூதப்பாண்டிப் பக்கம் எங்களுக்குப் பகுதிநேர நிருபர் ஒருவர் இருந்தார், அவரிடம் சொன்னேன். மத்தியானத்துக்குள் விசாரித்துவிட்டார். அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மாமியாரோடு இருக்கிறார். பள்ளிக்கூட வாசலில் நின்றே இவர் நாலு பேரிடம் விசாரித்திருக்கிறார். டீச்சருக்கு விஷயம் எட்டிவிட்டது. அவரே வெளியே வந்து, “யாரு எழுதப் போறது? அவங்க நம்பரக் குடுங்க” என்று கேட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மூன்று மணிக்கே செய்தி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் குஷி. “மாவட்டப் பக்கத்துல தலைப்பே இதுதான் அண்ணாச்சி. ‘விடை தெரியாத மூன்று கேள்விகள்’னு கட்டம் கட்டிப் போடுவோம். ஏழு மணிக்குள்ள வேணும்” என்றார்.

அந்த மூன்று கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன். தினமும் சிவதாணுவோடு பேசிய அந்த ஆசிரியை யார்? கொலைக்குச் சற்று முன் பத்தொன்பது நிமிடம் இருவரும் என்ன பேசினார்கள்? ஆள் நடமாட்டம் இல்லாத கால்வாய்க் கரைக்கு அவர் தினமும் போய் உட்கார்ந்தது எதற்காக?

நாலு இருபதுக்கு, மணிமேடைப் பக்கம் ஒரு டீக்கடையில் எங்கள் போட்டோகிராபரோடு உட்கார்ந்திருந்தேன். மேசையில் வைத்திருந்த போன் அடித்தது. காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த அதே நம்பர். பத்து இலக்கமும் எனக்கு மனப்பாடமாகியிருந்தது.

நான் எடுக்கவில்லை.

“ஆருவே? அடிச்சிட்டே இருக்கு” என்றார் போட்டோகிராபர்.

“தெரியாத நம்பர். லோன் வேணுமான்னு கேப்பான்” என்றேன்.

நாலு இருபத்தாறுக்கு மறுபடியும் அடித்தது. ஐந்து மணிக்கு இன்னொரு முறை. பிறகு ஒரு வாட்ஸாப் வந்தது. “சார், நான் விஜிலா டீச்சர். நீங்க எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பேசணும். தயவு செய்து எடுங்க.” அதைத் திறந்தால் நீல டிக் விழுந்துவிடும். அதனால் திறக்காமல், மேலே வந்த அறிவிப்பிலேயே படித்துவிட்டு விரலால் ஒதுக்கினேன்.

பயந்து எடுக்காமல் விட்டேன் என்று சொன்னால் அது பொய். அவகாசம் இல்லை என்பதும் பொய். எடுத்தால் அவர் பதில் சொல்லிவிடுவார், பதில் வந்துவிட்டால் விடை தெரியாத கேள்வி என்று போட முடியாது. இது அந்த நிமிடம் எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. அழுத்தம், போட்டி, பக்கம் மூடுகிற நேரம் என்றெல்லாம் பின்னால் எனக்கு நானே நிறையச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அழுத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் போனைப் பார்த்த அந்த நொடியில் என்னை யாரும் அழுத்தவில்லை. நான் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்குச் செய்தியை அனுப்பினேன். பெயர் போடவில்லை. ‘பூதப்பாண்டி அருகே உள்ள ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை’ என்றுதான் எழுதினேன். கண்ணியமாக எழுதியதாகவே நினைப்பு. அந்தப் பள்ளியில் மொத்தமே மூன்று டீச்சர்கள். ஒருவர் அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறவர். இன்னொருவர் மடத்துச் சிஸ்டர். பெயர் போட என்ன தேவை இருந்தது?

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. டீச்சரின் மாமியார் கையில் பேப்பர் கிடைக்கும் முன்னாலேயே மஸ்கட்டில் இருந்த கணவரின் போனுக்கு அந்தக் கட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ அதை வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அதே வெள்ளிக்கிழமை, கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை முடிந்து உறவினர்கள் உடலை வாங்கினார்கள். சவ ஊர்வலம் எழுத நான் மயிலாடி போயிருந்தேன். முற்றத்தில் உடலை இறக்கினார்கள். பெண்கள் சுற்றி நின்று அழுதார்கள். பகவதியைக் காணோம். உள்ளறையில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு மூன்று பெண்கள் உள்ளே போய்க் கூப்பிட்டுவிட்டு வெறுமனே திரும்பி வந்தார்கள். மகள் மட்டும் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். திண்டில் என் பத்திரிகை மடித்துக் கிடந்தது.

அதைப் பார்த்த பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சனிக்கிழமைப் பத்திரிகையில் நாலாவதாக ஒரு கேள்வி எழுதினேன். ‘இறுதிச் சடங்கில் மனைவி முகம் காட்டாதது ஏன்?’ நானே காரணமாக இருந்துவிட்டு, அதையே மர்மம் என்று எழுதினேன். உங்களில் யாராவது பழைய பத்திரிகைக் கட்டை எடுத்துப் பார்த்தால் அது இன்னும் இருக்கும்.

எட்டாம் நாள் ஆளைப் பிடித்துவிட்டார்கள். பக்கத்துப் பட்டறைக்காரரின் மைத்துனன். கல் இறக்க வருகிற லாரி திரும்பும் இடம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பட்டறைக்கும் நடுவில் வெகு நாளாகத் தகராறு. அன்று காலையிலும் வாய்ச்சண்டை நடந்திருக்கிறது. சிவதாணு சாயங்காலம் கால்வாய்க் கரையில் தனியாக உட்காருவார் என்பது அவனுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு அவர் எழுந்த நேரத்தில் பின்னால் வந்து அடித்திருக்கிறான். ஒரு பெட்ரோல் பங்க் கேமராவில் சிக்கினான், கேட்டதும் ஒத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் நிருபர்களிடம் சொல்லி முடித்த பிறகு, நான் தனியாகப் போய், “சார், அந்த டீச்சர் விஷயம்?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது செவ்வாக்கிழமையே தீர்ந்துபோச்சு அண்ணாச்சி. அவங்களே ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிட்டாங்க. எழுதியும் வாங்கியாச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“செத்தவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டீச்சர் போன்ல பாடம் நடத்தியிருக்காங்க. அவரு கரையில உக்காந்து புக்க வச்சு வாசிப்பாரு, இவங்க திருத்துவாங்க. அவரு வண்டிப் பெட்டியில ஒண்ணாம் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு தமிழ்ப் புக்கு ரெண்டும் இருந்துது. நாங்களே எடுத்து வச்சிருக்கோம்.” பிறகு, “நீங்க எங்கிட்ட கேக்கவே இல்லியே” என்றார்.

மூன்று கேள்விக்கும் பதில் செவ்வாய்க்கிழமையே ஸ்டேஷனில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. நான் எழுதியது வியாழக்கிழமை. என் போனில் பதில் மூன்று முறை அடித்து ஓய்ந்திருந்தது. செத்தவரின் நேரக்கணக்கை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த நான், என் நேரக்கணக்கை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

கைது செய்தியை ஆறு பத்தி எழுதினேன். டீச்சரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஒரு விளக்கம் போடலாமா என்று செய்தி ஆசிரியரிடம் மெதுவாகக் கேட்டேன். “நாமதான் பேரே போடலியே, யாருக்கு விளக்கம்? போட்டா நாமே ஆளக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொன்னதும் எனக்கு மனசுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஒன்றரை மாதம் போனது. பூதப்பாண்டிப் பகுதிநேர நிருபர் ஒரு நாள் ஆபீசுக்கு வந்து அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்க மவ அந்தப் பள்ளிக்கூடத்திலதான் படிக்கா அண்ணாச்சி. விஜிலா டீச்சர் ஏம்ப்பா வரல்லன்னு தினமும் கேக்கா. லீவுல இருக்காங்கன்னு சொல்லுகேன். எத்தன நாளைக்குச் சொல்ல?”

“நீ என்ன செஞ்ச? நான் சொல்லித்தான விசாரிச்ச?” என்றேன்.

“வாசல்ல நின்னு கேட்டது நாந்தானே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு நான் மாதம் கொடுத்தது அலைச்சலுக்கே காணாது. அவருக்கு உறைத்தது எனக்கு அவர் வந்து சொன்ன பிறகுதான் உறைத்தது.

மறுநாள் பூதப்பாண்டி போனேன். டீச்சர்தான் கதவைத் திறந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் என் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, “சார், நான் அனுப்பின மெசேஜ் கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“வாசிச்சீங்களா?”

“வாசிச்சேன்.”

“அப்பமே வாசிச்சீங்களா?”

“அப்பமே வாசிச்சேன்.”

அவர் உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. வாசல்படியில் நின்றுகொண்டே பேசினார். குரல் உயரவே இல்லை.

“எங்க ஸ்கூலுக்கு ஒருத்தரு அவங்க அம்மா நினைவா ஒரு ரூம் கட்டிக் குடுத்தாங்க. கல்வெட்டு செஞ்சு கொண்டுவந்தது சிவதாணு அண்ணன். ‘நினைவாக’ன்னு வரணும், ‘நினைவாச’ன்னு வெட்டியிருந்தாரு. எழுதிக் குடுத்த பேப்பர்ல மை கலங்கியிருந்துது போல. அண்ணே, ஒரு எழுத்து தப்பா இருக்குன்னேன். எதுன்னு பாக்கக் குனிஞ்சாரு. அவருக்க விரல் வேற வரியில போய் நிக்குது. மேலயும் கீழயும் விரல் போகுது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் ஒண்ணும் சொல்லல்ல. மறுநா திருத்த வந்தவரு, எல்லாரும் போன பிறகு, டீச்சர், எனக்குச் சொல்லித்தருவியளான்னு கேட்டாரு. இத்தன வருசமா எழுத்த வெட்டுகேன், ஒண்ணுகூட எனக்குத் தெரியாதுன்னாரு.”

நம் மாவட்டத்தில் படிப்பு இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சுற்றி எல்லாரும் படித்த ஊரில் படிக்காதவனுக்கு வெட்கம் இரண்டு மடங்கு. வீட்டில் மட்டும் தெரியக் கூடாது, முழுசாகப் படித்த பிறகு நானே வாசித்துக் காட்டுவேன் என்று டீச்சரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால்தான் கால்வாய்க் கரை. அங்கே ஒரு விளக்குக் கம்பம் உண்டு.

“அன்னைக்கு உங்கள எதுக்குக் கூப்பிட்டேன்னா, எல்லாத்தையும் சொல்லி, இத எழுதாதீங்கன்னு கெஞ்சத்தான் சார். எனக்காக இல்ல. எனக்கு இப்பிடி வரும்னு நான் நெனைக்கவே இல்ல. அவரு படிக்காதவருன்னு வெளிய தெரிஞ்சிரக் கூடாதேன்னுதான் நெனச்சேன்.”

மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“எனக்க வீட்டுக்காரருக்கு நான் சொல்லிப் புரியவச்சிருவேன். புரியலன்னா புரியாம போகட்டும். அது எங்க பாடு. ஆனா மயிலாடியில அந்தம்மா இருக்காங்க. நான் போய்ச் சொன்னா நம்புவாங்களா? நீங்க போங்க. நீங்க எழுதினதத்தானே நம்பினாங்க.”

அதன் பிறகு, “அன்னைக்கு அவரு...” என்று ஏதோ தொடங்கினார். முகம் லேசாக மாறியது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. “நான் போறேன் டீச்சர், இன்னைக்கே போறேன்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டேன்.

விஜிலா டீச்சர் பிறகு மண்டைக்காட்டுப் பக்கம் வேறு பள்ளிக்கு மாற்றல் வாங்கிப் போனார். கணவர் விடுப்பில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார் என்று கேள்விப்பட்டேன். இருவருக்கும் நடுவில் எல்லாம் சரியானதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை.

பூதப்பாண்டியிலிருந்து அன்று மத்தியானமே மயிலாடி போனேன். பகவதி அம்மாளும் மகளும் இருந்தார்கள். சுவரில் சிவதாணுவின் படம் இல்லை. பத்திரிகையில் அதையெல்லாம் எழுதியது நான்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு கல்வெட்டு, பாடம், கால்வாய்க் கரை எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கூப்பிட்டும் நான் போனை எடுக்காமல் விட்டதையும் சொன்னேன். மகள் பாதியிலேயே அழத் தொடங்கிவிட்டாள். அந்த அம்மாள் அழவில்லை.

“அவருக்கு எழுத்து தெரியாதுன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

நானும் மகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம்.

“கல்யாணம் முடிஞ்ச மொத மாசமே தெரியும். கடைக்குச் சீட்டு எழுதிக் குடுத்தேன். மல்லி இல்ல, மொளகு இல்ல, என்னத்தையோ வாங்கிட்டு வந்தாரு. அதுக்குப் பொறவு நான் சீட்டே எழுதல்ல. எல்லாத்தையும் வாயாலயே சொல்லுவேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிரும்லா. அதான் இத்தன வருசமா தெரியாத மாதிரியே இருந்தேன்.”

பிறகு அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“முற்றத்துல கிடத்தியிருந்தாவ. மொகத்த மூடுகதுக்கு முன்ன ஒருக்கா வந்து பாருன்னு எல்லாரும் கூப்பிட்டாவ. நான் போகல்ல. அவருக்க மொகத்த நான் பாக்கல்ல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“வாசிக்கப் படிச்சாரா?” என்று கேட்டார். “அவரா வாசிச்சாரா?”

“வாசிச்சிருக்காரும்மா.”

“எது வர வாசிச்சாரு?”

டீச்சர் ‘அன்னைக்கு அவரு’ என்று தொடங்கியது அதைச் சொல்லத்தானோ என்னவோ. அப்போதும் நான் நின்று கேட்கவில்லை.

“கேக்கல்லம்மா” என்றேன்.

பகவதி அம்மாள் என்னைத் திட்டவில்லை. மகளைப் பார்த்து, “அந்த டீச்சருக்க நம்பர இவருட்ட வாங்கு” என்றார். நான் சொல்லச் சொல்ல மகள் தன் போனில் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் போனை வாங்கிக் காதில் வைத்து, “டீச்சரா? நான் சிவதாணுக்க வீட்டுக்காரி பேசுகேன்” என்றார். அந்தப் பக்கம் பேசத் தொடங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். மகள் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து போனில் காதை வைத்தாள்.

அதன் பிறகு அவர்கள் இருவரும் என்னைப் பார்க்கவே இல்லை. நான் வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.